வாசலைத் திறந்துவிட்டோர்: இளம் விஞ்ஞானிகளும் அவர்களின் வழிகாட்டிகளும்

உயர்தர உயிரியலில் ஒளித்தொகுப்பைக் கற்கும் ஒவ்வொரு மாணவிக்கும் ‘கல்வின் வட்டம்’ மனப்பாடமாகிவிடும். காபனீரொட்சைட்டு எவ்வாறு வெல்லமாகின்றது என்பதைக் காட்டும் அந்த வட்டத்தை வரைந்து பெயரிடுவோம், புள்ளிகளைப் பெறுவோம், அடுத்த அலகுக்குச் செல்வோம். அந்த மெல்வின் கல்வினின் ஆய்வுகூடத்தில் இலங்கையைச் சேர்ந்த ஒருவர் மாணவராக இருந்தார் என்பதையும், இளம் ஆய்வாளரான அவரைக் கல்வின் வழிநடத்தினார் என்பதையும் பாடநூல் சொல்வதில்லை. பாடநூலில் விடைகள் இருக்கின்றன. அந்த விடைகளைத் தேடியவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் கதை வேறிடங்களில் இருக்கின்றது. அக்கதைகளில் சிலவற்றை சகோதரிகளோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆசிரியர் எமக்குப் பாடத்தைக் கற்பிக்கின்றார். அவருக்கு விடை தெரியும், எமக்குத் தெரியாது. ஆய்வு வழிகாட்டியின் நிலை அப்படியன்று. அவர் முன்னால் இருக்கும் கேள்விக்கு அவருக்கே விடை தெரியாது. அதை எவ்வாறு தேடுவது, கிடைத்த பெறுபேற்றை எவ்வளவு தூரம் நம்புவது, தோற்றால் மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்பனவே அவருக்குத் தெரியும். அதனை அவர் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவதே அதிகம். ஆகவேதான் விஞ்ஞான உலகில் ஒருவரை அறிமுகம் செய்யும்போது, இவர் இன்னாரின் ஆய்வுகூடத்தில் பயின்றவர் என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் உள்ளது.

இதற்குச் சிறந்த உதாரணமாக நான் கருதுவது கமலா சோஹோனியின் வாழ்க்கையை ஆகும். இந்தியாவின் இந்தூரில் விஞ்ஞானம் கற்ற குடும்பமொன்றில் பிறந்தவர் இவர். தந்தையும் சிறிய தந்தையும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் பயின்ற இரசாயனவியலாளர்கள். 1933ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கமலா, தானும் அதே நிறுவனத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். அப்போது அதன் பணிப்பாளராக இருந்தவர் 1930இல் நொபெல் பரிசு பெற்ற சேர் சி. வி. ராமன். கமலாவின் புள்ளிகளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பெண் என்ற காரணத்துக்காகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

கமலா திரும்பிப் போகவில்லை. பெங்களூருக்கு நேரில் சென்று, தன்னை மறுப்பதற்கு என்ன நியாயம் என்று வாதாடினார். இறுதியில் ராமன் நிபந்தனைகளோடு அனுமதித்தார். முதல் வருடம் பரீட்சார்த்த காலமாக இருக்கும். வேலையின் தரம் திருப்தியளித்தால் மட்டுமே அது அங்கீகரிக்கப்படும். அவரது வருகையால் ஆண் மாணவர்களின் கவனம் கலையக் கூடாது. ஒரு மாணவிக்கு இவை எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் எம். ஸ்ரீநிவாசய்யா என்ற ஆசிரியர் வருகின்றார். கமலாவைத் தன் ஆய்வுகூடத்தில் ஏற்றுப் பயிற்றுவித்தவர் இவரே. பால், பருப்பு வகைகள், அவரையினங்கள் ஆகியவற்றிலுள்ள புரதங்களைப் பற்றிய ஆய்வில் அவரை ஈடுபடுத்தினார். கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் இறைச்சிக்கும் மீனுக்கும் வசதியற்ற கோடிக்கணக்கான மக்களின் உணவே பருப்புத்தான் அல்லவா? தன் நாட்டுக்குப் பயன்படுகின்ற, இளம் ஆய்வாளர் ஒருவரால் செய்து முடிக்கக்கூடிய அளவுள்ள ஒரு கேள்வியைத் தெரிந்து கொடுப்பது வழிகாட்டியின் பெரிய திறமை எனலாம். கடலையே நீந்தச் சொன்னால் பிள்ளை மூழ்கும். குட்டையில் விட்டால் நீச்சலே வராது.

ஒரு வருடம் முடிந்தது. கமலாவின் வேலையைக் கண்ட ராமன் திருப்தியடைந்து அவரை முறையான மாணவியாக ஏற்றுக்கொண்டார். அதன் பின்னர் அந்நிறுவனத்தின் கதவு ஏனைய பெண்களுக்கும் திறந்தது. 1936இல் கமலா முதுமாணிப் பட்டம் பெற்று, பின்னர் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே டெரிக் ரிக்டர் என்பவர் பகலில் வேலை செய்வதற்கு ஒரு மேசையை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ரிக்டர் வேறிடம் சென்றதும் ரொபின் ஹில் அவரைப் பொறுப்பேற்றார். ஒளித்தொகுப்பின் ‘ஹில் தாக்கம்’ இவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றது. ஹில்லின் வழிகாட்டலில் உருளைக்கிழங்கை ஆய்வு செய்தபோதுதான், கலச்சுவாசத்தில் இலத்திரன்களைக் கடத்தும் சைற்றோகுரோம் சி தாவர இழையங்களிலும் உண்டு என்பதை கமலா கண்டறிந்தார். 1939இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அவரது ஆய்வேடு சுமார் 40 பக்கங்கள்தான். பிற்காலத்தில் பனையினங்களிலிருந்து இறக்கப்படும், புளிக்காத பதநீரின் போசணைப் பெறுமானத்தை ஆராய்ந்து, ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கு அது உதவும் எனக் காட்டினார்.

ஸ்ரீநிவாசய்யா, ரிக்டர், ஹில் ஆகிய மூவரும் செய்த உதவிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவர் தன் ஆய்வுகூடத்தில் இடம் தந்தார். ஒருவர் மேசை தந்தார். ஒருவர் இடையில் நின்றுபோகவிருந்த வேலையைத் தொடர வழிசெய்தார். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த 40 பக்கங்கள் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ராமனைப் பற்றி இன்னொரு பக்கத்தையும் சொல்வது நியாயமாகும். 1940இல் அன்னா மாணி என்ற இளம் பெண் அவரது ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்ற இவர், பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். வைரக்கற்களும் மாணிக்கக்கற்களும் ஒளியை எவ்வாறு உறிஞ்சி வெளியிடுகின்றன என்பதே அவருக்குக் கிடைத்த வேலை. ஓர் ஒளிப்படத் தட்டில் நிறமாலையைப் பதிவு செய்ய 15 முதல் 20 மணி நேரம் வரை எடுத்ததால், சில இரவுகளில் ஆய்வுகூடத்திலேயே தங்கினார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். எனினும் 1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்க மறுத்தது.

பட்டம் கிடைக்கவில்லையே தவிர, அந்தக் கண்டிப்பான ஆய்வுகூடத்தில் கற்ற நுணுக்கம் அவரிடமே இருந்தது. இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் இந்திய வானிலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்காக ஏறத்தாழ 100 வகைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். சூரியக் கதிர்ப்பையும் காற்றின் வேகத்தையும் நாடு முழுவதும் அளப்பதற்கு வழிசெய்தார். 1976இல் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக ஓய்வு பெற்றார். நல்ல பயிற்சி சான்றிதழைவிட நீண்ட காலம் உயிரோடிருக்கும் என்பதற்கு இவர் சாட்சி.

இனி எமது நாட்டவருக்கு வருவோம். 1923இல் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும, முதலில் சென்னையில் மெய்யியலில் பட்டம் பெற்றவர். பின்னர் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனவியல் கற்றபோது ஜே. டி. பேர்னல் என்ற பேராசிரியரைச் சந்தித்தார். பூமியில் உயிர் எவ்வாறு தோன்றியது என்ற கேள்வியில் பேர்னலுக்கு இருந்த ஆர்வம் இவரையும் பற்றிக்கொண்டது. மெய்யியல் கற்றவரின் பெரிய கேள்வி இரசாயனவியலின் சோதனைக் குழாய்க்குள் இறங்கியது அப்போதுதான். அடுத்து கலிபோர்னியாவில் கல்வினின் மாணவராகி 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்வின் நொபெல் பரிசு பெற்றது அதற்கு முந்திய ஆண்டில். பின்னர் நாசாவில் பணியாற்றி, ஆதிகாலப் பூமியைப் போன்ற சூழலில் ஏ.ரி.பி. உருவாகலாம் என்று 1963இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து காட்டினார். அப்பலோ விண்கலம் கொண்டுவந்த சந்திர மண்ணையும் ஆராய்ந்தார். 1984இல் தாய்நாட்டுக்கு வந்து, கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் பணிப்பாளராகி, இந்நாட்டு இளைஞர்களுக்கு ஆய்வுக்கான வழியைக் காட்டினார். பெற்றதைத் திருப்பித் தருவதும் வழிகாட்டலின் ஒரு பகுதியே.

வழிகாட்டல் என்பது மேற்குலகில் பிறந்த புது விடயமும் அல்ல. எமது மார்க்க அறிவு ஆசிரியர், மாணவர் என்ற சங்கிலியால்தான் எம்மை வந்தடைந்தது. இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் வகுப்புக்கு வந்த ஏழை மாணவர் ஒருவர் திடீரென்று வராமல் போனார். குடும்ப வறுமை அவரை வேலைக்கு அனுப்பியிருந்தது. இமாமவர்கள் அதை விசாரித்தறிந்து, தமது பணத்திலிருந்து அவருக்கு உதவி, படிப்பைத் தொடரச் செய்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மாணவரே பின்னாளில் பிரதம நீதியரசரான இமாம் அபூ யூசுப் (ரஹ்) ஆவார். வராத மாணவனைத் தேடிய அந்த ஒரு விசாரிப்பு எவ்வளவு பெரிய பலனைத் தந்தது!

இவற்றை வாசிக்கும் சகோதரி ஒருத்தி, “கேம்பிரிட்ஜும் நாசாவும் எங்கே, நாவிதன்வெளி எங்கே?” என்று கேட்கலாம். நான் நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைக் கடந்தே கல்முனைப் பக்கம் படிக்க வருகின்றேன். மாரி காலத்தில் வெள்ளம் பாதையை மூடும். மற்ற நாட்களில் பாலத்தின் இருபுறமும் ஆற்றுவாழை பச்சைப் பாய் விரித்ததுபோல் அடைத்துக் கிடக்கும். அது ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகின்றது என்று எனது உயிரியல் டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன். டீச்சர் விடை சொல்லவில்லை. ஒரு கொப்பியைத் தந்து, “ஒரு மீற்றர் சதுரத்தில் எத்தனை செடி இருக்கென்று கிழமைக்கு ஒருக்கா எண்ணி எழுதுங்க. ஒரே இடம், ஒரே நேரம். பிறகு கதைப்போம்” என்றார்.

வாப்பா சனிக்கிழமை காலைகளில் மோட்டார் சைக்கிளைக் கரையோரம் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மூங்கிலால் சட்டமும் அவரே கட்டித் தந்தார். எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டே போனது. பிறகு மழை வந்தது; வெள்ளம் சட்டத்தையும் செடிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. கொப்பியை மூடிவிடலாம் என்றிருந்தேன். டீச்சர் அதை வாங்கிப் பார்த்து, “வெள்ளம் வந்த திகதியையும் எழுதுங்க. அதுவும் தரவுதான்” என்றார். எதையும் மறைக்காமல், கூட்டாமல், குறைக்காமல் எழுதுவதே விஞ்ஞானத்தின் அமானிதம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அந்தப் பாடம் எந்த வினாத்தாளிலும் வராது.

ஆக, நல்ல வழிகாட்டியை நாம் எவ்வாறு இனங்காண்பது? அவர் எமது கேள்வியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். விடையை ஊட்டிவிடவும் மாட்டார். பிழையைக் கண்டால் முகத்துக்கு நேரே சொல்வார். ஆனால் எம்மைச் சிறுமைப்படுத்த மாட்டார். எமது உழைப்புக்குரிய பெயரை எமக்கே தருவார். தன்னிடம் இல்லாத அறிவுக்காக எம்மை இன்னொருவரிடம் அனுப்பி வைப்பார்.

மாணவிகளாகிய எமக்கும் கடமைகள் உள்ளன. வழிகாட்டியின் நேரம் பெறுமதியானது. எனவே சொன்ன நேரத்துக்குச் செல்ல வேண்டும். செய்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். திருத்தத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றியை மேடையில் மட்டும் சொல்லாமல், எமக்குப் பின்னால் வரும் தங்கை ஒருத்திக்குச் சொல்லிக் கொடுப்பதன் மூலமும் காட்டலாம்.

பெற்றோர்களிடம் பணிவாக ஒன்றைக் கேட்கின்றேன். எமது ஊர்களில் உயிரியல் பிரிவில் கற்கும் பிள்ளை மருத்துவபீடத்துக்குத் தெரிவாகாவிட்டால், படித்தது வீண் என்பதுபோல் பேசுகின்றார்கள். ஆராய்ச்சி பெண் பிள்ளைக்கு எதற்கு என்று உறவினர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே கேட்டார். உம்மா, “அவள் கேக்கிற கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியாது. தெரிஞ்ச ஆக்களிட்ட போகட்டும்” என்று மட்டும் சொன்னா. மருத்துவர் நோயாளிக்கு மருந்து தருகின்றார். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆய்வாளர். எமது வயலுக்கு ஏற்ற நெல்லினத்தையும், எமது கிணற்றுத் தண்ணீரின் தரத்தையும் ஆராய எமது பிள்ளைகளே வந்தால் எவ்வளவு நல்லது! தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கின்றது. கடல் கடந்து போக வேண்டியதில்லை. எங்கே, யாரிடம் கற்கின்றாள் என்று விசாரியுங்கள். அது உங்கள் உரிமை. விசாரித்துத் திருப்தியடைந்தால் வாசலை மூடிவிடாதீர்கள்.

கமலாவுக்கு நிபந்தனைகளோடு பாதிதான் திறந்தது அந்தக் கதவு. உள்ளே ஒரு நல்ல ஆசிரியர் இருந்ததால் அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. எமது கல்லூரியிலும் எமது ஊர்களிலும் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். பெயர்ப்பலகையிலோ பரிசளிப்பு மேடையிலோ அவர்களை அதிகம் காண முடியாது. மாலையில் ஆய்வுகூடத்தைப் பூட்டுவதற்கு முன் இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருப்பவர்கள் அவர்கள்தான். அல்லாஹ் அவர்களின் ஆயுளிலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக.