கூட்டம் கலையாமல் ஒரு படம்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு மார்கழிக் காலை. தண்ணீரில் நாற்பது ஐம்பது நாமக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய லென்ஸோடு நின்ற ஒருவர், "பறந்தா நல்லாயிருக்குமே" என்று சொல்லிவிட்டுக் கைதட்டினார். பறந்தன. அவருக்குக் கிடைத்தது நாற்பது முதுகுகள்.

கல்யாண குரூப் போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்க வேண்டும். விலங்குக் கூட்டத்துக்கு நேர்மாறு. எல்லாம் சேர்ந்து நம்மைப் பார்த்தால், மேய்ச்சலும் பேன் பார்த்தலும் சண்டையும் அந்த நொடியே நின்றுவிடும். நாம் எடுக்க வந்தது அதைத்தானே?

செய்ய வேண்டியவை

முதல் கால்மணி நேரம் கேமராவைப் பையிலேயே வையுங்கள். உட்கார்ந்து, எது எதோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது, எது யாரை விரட்டுகிறது என்று பாருங்கள். நடைபாதையில் போகிறவர்களை ஏரிப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. பாதையை விட்டு இறங்கித் தங்களை நோக்கி வருபவரைத்தான் சந்தேகிக்கும்.

கரையின் உயரத்தைப் பயன்படுத்துங்கள். ஒற்றைப் பறவை என்றால் தரையோடு தரையாகப் படுத்து எடுப்பது அழகு. கூட்டத்தை அப்படி எடுத்தால் ஒன்றை ஒன்று மறைத்து, கால் எது, கழுத்து எது என்று தெரியாது. அம்பத்தூர், கொரட்டூர், செம்பரம்பாக்கம் ஏரிகளின் கரைகள் இதற்கென்றே போட்டதுபோல இருக்கின்றன. மேலிருந்து சற்றே சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பறவைக்கும் நடுவே தண்ணீர் தெரியும். அந்த இடைவெளி இருந்தால்தான் கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை தெளிவாக வேண்டுமானால் எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சுருக்குங்கள். பறக்கும் கூட்டத்துக்கு ஷட்டர் 1/2000 நொடி. கொக்குக் கூட்டத்தில் வெள்ளை வெளிறிப்போகாமல் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இதற்கு மேல் கருவியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூந்தமல்லியிலிருந்து 400 அடி சாலையைப் பிடித்து, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சென்னை சென்ட்ரல் பக்கம் இருந்த பழைய மிருகக்காட்சி சாலை 1985இல் வண்டலூர் காட்டுக்கு இடம் மாறியபோது பல விலங்குகளுக்குக் கம்பிக்குப் பதில் அகழி கிடைத்தது. படம் எடுப்பவருக்கும் அது லாபம். வலை போட்ட கூண்டு என்றால், தடுப்புக்கு வெளியே நின்று நீள லென்ஸில் துளையை முழுதாகத் திறந்து வையுங்கள். நிழல் விழுந்த வலைப்பகுதி வழியாக எடுத்தால் வலையே தெரியாமல் கரைந்துவிடும். வெயில் பட்ட வலை வெள்ளைப் புகையாக வந்து நிற்கும். பிறகு பொறுமை. சிங்கவால் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்க உட்காரும் வரை காத்திருப்பவருக்குத்தான் குடும்பப் படம் கிடைக்கும்.

படத்தின் கீழே எங்கே எடுத்தது என்று எழுதுங்கள். பூங்காவில் எடுத்ததைக் காட்டில் எடுத்ததாகக் காட்டுவது பொய்.

செய்யக்கூடாதவை

கைதட்டாதீர்கள், கல் எறியாதீர்கள். நாமக்கோழி ஒரே எம்பில் எழும் பறவை இல்லை. தண்ணீர்மேல் கால் பதற ஓடி ஓடித்தான் எழும். பக்கத்திலேயே மேயும் நீலச்சிறகி வாத்துகளோ மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வந்தவை. திரும்பிப் போகும் வழிக்குக் கொழுப்பு சேர்க்க வேண்டிய காலம் இது. ஒரு கைதட்டலுக்கு ஒரு வேளைத் தீனி போகும்.

பொரி, பிஸ்கட் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி பூங்கா விலங்குக்குத் தீனி போடுவதும் அதைச் சீண்டுவதும் குற்றம். தீனி விழுந்ததும் பெரியது சின்னதை அடிக்கும். அதை எடுத்துவிட்டு 'இயல்பு வாழ்க்கை' என்று தலைப்பு வைப்பதா?

கூடு கட்டும் மரத்தின் கிளையை விலக்காதீர்கள். அதே சட்டத்தில், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது வேட்டை என்ற சொல்லுக்குள் வருகிறது. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊருக்கெல்லாம் பரப்பவும் வேண்டாம்.

மீட்பு மையத்தில் அனுமதி கிடைத்தாலும் பிளாஷ், கொஞ்சல், செல்ஃபி மூன்றும் கூடாது. காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கு மனிதனைக் கண்டால் ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்பவர் போதும் என்றால் போதும்.

முதுமலைச் சாலையில் யானைக்கூட்டம் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். பெரியவை நெருங்கி நின்று குட்டியை நடுவில் தள்ளினால், அவை உங்களைக் கணக்கில் எடுத்துவிட்டன என்று அர்த்தம்.

ஆவடியில் டிரோன் எண்ணமே வேண்டாம். டாங்கி தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் உள்ள ஊர் இது. அந்த மதில்கள் பக்கம் நீள லென்ஸைக்கூடத் திருப்பாதீர்கள். "மீன்கொத்தியைத்தான் எடுத்தேன் சார்" என்று விளக்கிக்கொண்டிருப்பதற்குள் காலை வெளிச்சம் போய்விடும்.

கடைசியாக, படம் கிடைத்த சந்தோஷத்தில் சடாரென்று எழுந்து நிற்காதீர்கள். வந்ததுபோலவே குனிந்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். நாலடி தள்ளி இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இன்னும் படம் கிடைத்திருக்காது.