தறியின் இரைச்சலும் அடக்கும் பூச்சும்

விசைத்தறிக் கூடத்தில் பல்லாண்டு பணி புரிந்தவர் வீட்டிலும் உரக்கப் பேசுவதைக் கண்டிருக்கிறோம். அது வெறும் பழக்கம் அன்று. பெரும்பாலும் செவி மங்கிவருவதன் அறிகுறியே. ஓயாத பேரொலியால் உட்செவியின் நுண்ணிய உணர்மயிர்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. நமது தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. நாடா ஓடும் விசைத்தறிக் கூடங்கள் பல இவ்வரம்பைக் கடந்தே இரைகின்றன.

தறிக்கு ஏதேனும் பூச்சுப் பூசி இரைச்சலைக் குறைக்கலாகாதா என்று அங்கத்தினர் கேட்கலாம். குறைக்கலாம், ஆனால் பூசும் இடம் அறிந்து பூச வேண்டும்.

தறியை நிறுத்தி, மூடு தகடுகளை விரற்கணுவால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஓசை நீண்டு நின்றால் அத்தகட்டுக்குப் பூச்சு உதவும். தட்டியவுடன் அடங்கினால் உதவாது. கனத்த வார்ப்பிரும்புச் சட்டத்துக்குப் பூசுவதும் வீண் செலவே. தார் அல்லது ரப்பர் கலந்த பூச்சு, தகட்டோடு சேர்ந்து வளைந்து அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. சாதாரணச் சாயப்பூச்சு இவ்வேலையைச் செய்யாது. பூச்சின் கனம் தகட்டின் கனத்துக்குக் குறையலாகாது. துருவையும் எண்ணெயையும் நீக்கிய பின்னரே பூச வேண்டும், இல்லையேல் உரிந்துவிடும்.

சுவருக்கும் கூரைக்கும் வேண்டியது வேறு. துளையிட்ட பலகையும் அதன் பின்னே கனிமப் பஞ்சும் எதிரொலியை உறிஞ்சும். துளைகளைச் சுண்ணாம்பாலோ சாயத்தாலோ அடைத்துவிட்டால் பயன் போய்விடும். எளிதில் தீப்பற்றும் நுரைப் பொருளை, பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில் ஒருபோதும் ஒட்டலாகாது.

இவையெல்லாம் துணை மருந்துகளே. நாடாவை அடித்து ஓட்டும் விசையிலேயே இரைச்சலின் பெரும்பகுதி பிறக்கிறது. ஆதலின் தளர்ந்த திருகுகளை முடுக்குதல், தேய்ந்த பிக்கரையும் தாங்கு மெத்தையையும் மாற்றுதல் முதற்கடமை, தகட்டுப் பூச்சு அடுத்தது, சுவர் மூன்றாவது. இத்தனைக்குப் பின்னும் ஒலி வரம்பை மீறினால் செவியடைப்பான் இன்றிப் பணி செய்யலாகாது.

சங்கங்கள் முதலில் ஒரே தறியில் இதைச் செய்து பார்க்கட்டும். நெசவாளர் நிற்கும் இடத்தில், செவியளவு உயரத்தில், ஒலிமானியால் முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளட்டும். மூன்று டெசிபல் குறைந்தாலும் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது. அந்த அளவைக் கண்ட பின்னர் மற்றத் தறிகளுக்குச் செலவிடுவதே சிக்கனம்.