பிரண்டையும் பெண்களின் எலும்பும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, பெண் அங்கத்தினர் சிலர் ஒரு யோசனையை என் முன் வைத்தனர். வேலிகளில் படர்ந்து கிடக்கும் பிரண்டையை உலர்த்திப் பொடியாக்கி, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்வு வாராமல் தடுக்கும் என்று அச்சிட்டுச் சங்கத்தின் மூலம் விற்கலாமா என்பதே அது. அரைவை இயந்திரத்திற்குச் சங்கப் பணம் செலவாக வேண்டியிருந்தபடியால், தீர்மானத்திற்கு முன் விஷயத்தை ஆராய்வது அவசியமாயிற்று.

எலும்பு கல்லைப் போல மாறாத பொருளன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பை இடும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுவதும் ஒருங்கே உழைக்கின்றன. ஒரு புறம் நெய்துகொண்டே மறுபுறம் பிரிக்கும் தறி என்று கொள்க; நம் நெசவாளர் எவரும் அப்படி நெய்யமாட்டார் என்பது வேறு! பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கரைக்கும் வேலையை அடக்கி வைக்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அது குறையவே, வரவினும் செலவு மிகுகிறது. அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இல் இத்தொடர்பை எடுத்துக் காட்டினார்.

சில தாவரங்களில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த வடிவுடைய பொருள்கள் உள்ளன. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் அவற்றுள் பெயர் பெற்றவை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம், நம் காடுகளிலும் காணும் புரச மரத்தின் பட்டையிலிருந்து இவ்வினப் பொருள்களைப் பிரித்து விலங்குகளில் சோதித்து நற்பயன் கண்டது. ஆனால் விலங்கில் கண்டது பெண்களிடத்தும் நிகழவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 248 பெண்களைக் கொண்டு, ஒரு பகுதியினருக்கு இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் கொடுத்துப் பார்த்தனர். எலும்பிழப்பு தடைப்படவில்லை என்று 2011இல் முடிவு வெளியாயிற்று.

பிரண்டைக்கும் பெருமை உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960களின் தொடக்கத்தில் விலங்குகளின் முறிந்த எலும்பு அதனால் விரைவில் கூடுவதைக் கண்டனர். எனினும் முறிந்ததைக் கூட்டுவது ஒன்று. பல்லாண்டுத் தேய்வைத் தடுப்பது வேறொன்று. முன்னதைச் சான்றாகக் காட்டிப் பின்னதை விற்றல் தகாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளும் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை அனுமதிப்பதில்லை.

அங்கத்தினர் முகம் வாடியதைக் கண்டேன். ஆனால் அவர்கள் வீட்டுக் குதிரிலேயே ஒரு செல்வம் இருக்கிறது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உள்ளது. அரிசியில் பத்துக்கு மேல் இல்லை. மலையின் பெருமையான சாமையிலும் இருபதைத் தாண்டாது. சாமை வேறு வகையில் நல்ல தானியமே. இக்குறையை மட்டும் மறைக்கலாகாது. கேழ்வரகை விற்றுவிட்டு அரிசியையே உண்ணும் இல்லங்கள் பெருகி வருவதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. முளைகட்டி அரைத்தால், சத்தைப் பிணைத்து வைக்கும் ஃபைடேட் என்னும் பொருள் குறைந்து, உடலில் அது நன்கு சேரும். எள்ளும் முருங்கைக் கீரையும் துணை நிற்கும்.

சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வெயில் வேண்டும். மலைப் பெண்களுக்கு அதற்குக் குறைவில்லை. குழித்தறியில் காலை முதல் அமர்ந்திருக்கும் ஆரணிப் பக்கத்துச் சகோதரிகள் நாளில் சிறிது நேரமாவது வெளியே நடப்பது நன்று. சிறு சறுக்கலில் எலும்பு முறிந்தவரும், உயரம் குறைந்து கூன் விழுந்தவரும் எந்தப் பொடியையும் நம்பிக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அவர்களுக்குப் பயனுள்ள மருந்துகள் இருக்கின்றன.

இயந்திரம் வாங்கலாம் என்றே எழுதினேன். முளைகட்டிய கேழ்வரகு மாவு அதில் அரைபடட்டும். பிரண்டையைப் புளி சேர்த்து வதக்கித் துவையலாக விற்கட்டும். பச்சையாக வாயில் பட்டால் அரிக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிவர். உறையின் மேல் உள்ளிருக்கும் பொருளின் பெயர், எடை, விலை, அரைத்த தேதி, சங்கத்தின் பெயர் ஆகியவை இருக்கும். எலும்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது.