கன்றுக்கு முன் குழி



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற ஹதீஸை நாம் அறிவோம். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கன்றை மண்ணில் வைக்கும் ஒரு நிமிட வேலையோடு நம் கடமை முடிந்துவிடுமா?

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற, எஜமானருக்கு 300 பேரீச்ச மரங்களை நட்டுத் தர வேண்டியிருந்தது. ஸஹாபாக்கள் ஆளுக்கு 30, 20, 15, 10 என்று கன்றுகளைக் கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் குழிகளைத் தோண்டச் சொன்னார்கள்; அது முடிந்த பிறகே வந்து தம் கரத்தால் நட்டார்கள். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அத்தகைய பரக்கத் இருந்தும் குழி தோண்டும் உழைப்பு குறையவில்லை!

நம் வக்ஃப் நிலம் பல்லாண்டுகள் ஆடுமாடு மேய்ந்த தரை. குளம்பு மிதித்து மண் இறுகிவிட்டதால் மழைநீர் உள்ளே இறங்காது. கன்றுக்கு ஊற்றும் தண்ணீரையும் புல்லே முதலில் குடித்துவிடும். எனவே குழியைச் சுற்றி 3 அடிக்குப் புல்லை அகற்றுங்கள். மேலாக வெட்டினால் போதாது. கோரைக் கிழங்கையும் அருகம்புல்லின் வேரையும் தோண்டி எடுக்க வேண்டும். குழி 2 அடி நீளம், அகலம், ஆழம். பக்கங்களைக் கடப்பாரையால் குத்திவிடுங்கள். வழவழப்பாக இருந்தால் வேர் வெளியே போகாமல் தொட்டிக்குள் போல் சுற்றும். ஐப்பசி மழை வரும்வரை குழி வெயிலில் காயட்டும். நடும்போது மட்கிய எருவையே போடுங்கள். பச்சைச் சாணம் வேரைக் கெடுக்கும், கறையானையும் கூட்டி வரும்.

ஆடு தின்றாலும் ஸதகாதானே என்று சிலர் விளையாட்டாகச் சொல்கிறார்கள். மூன்றாம் மாதமே கன்று போய்விட்டால் அதன் பிறகு யார் உண்பது? வேலி அவசியம்.

ஆனால் அங்கே நாலைந்து ஆடு மேய்த்துப் பிழைப்பவர்களை மறந்துவிடாதீர்கள். உமர் (ரலி) அவர்கள், ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமான ஹிமாவின் பொறுப்பாளர் ஹுனையிடம், சிறு மந்தை வைத்திருப்போரை உள்ளே அனுமதிக்கச் சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. ஆகவே ஒரு பகுதியை மேய்ச்சலுக்கே விடுவோம். வேலிக்குள் வளரும் புல்லையும் அவர்களே அறுத்துக்கொள்ளட்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் வேலை தொடங்கும். மண்வெட்டி, கடப்பாரை வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கன்று வாங்குவதை மழை பெய்த பிறகு பேசிக்கொள்ளலாம்.