நீரின் இயல்பும் தூண்டிலும்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலுள்ள வன்னியம்பட்டி போன்ற சிற்றூர்களில் தூண்டிலை அறியாத சிறுவர் இலர். வடகிழக்குப் பருவமழையால் கண்மாய்கள் நிறைந்தபின், மூங்கிற் கோலில் தங்கூசியைக் கட்டி, முள்ளில் நாங்கூழ்ப் புழுவைக் கோத்து, கெண்டைக்கும் கெளுத்திக்கும் காத்திருப்பர். ஈயக்குண்டு முள்ளை நீருள் அமிழ்த்தும். மேலே மிதக்கும் தக்கை, மீன் இரையைக் கவ்வியதை அறிவிக்கும். கண்மாய் ஆழம் குறைந்தது. ஆதலின் கரையில் நிற்பார்க்கு இத்துணைக் கருவியே போதும்.

பேராழமுள்ள குளிர்நாட்டு ஏரிகளிலோ இம்முறை பயன்படாது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி, மிக ஆழ்ந்த இடத்தில் 406 மீட்டர் ஆழமுடையது. அங்கு வாழும் மீன்களுள் ஏரி டிரவுட் என்பது பெயர்பெற்றது. இது குளிர்நீரையே விரும்புவது. ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பமே இதற்கு இசைந்தது. வேனிற் காலத்தில் கதிரவனால் சூடேறிய நீர் எடை குறைந்து மேலே மிதக்க, குளிர்ந்த நீர் கீழே தங்கும். அதனைத் தேடி மீனும் கீழே செல்லும். பனிக்கட்டி உருகும் இளவேனில் தொடக்கத்திலோ ஏரி முழுவதும் குளிர்ந்திருக்குமாதலின், மீன் மேல்நீரிலும் உலவும். ஆகவே, மீனைத் தேடுவோர் முதலில் நீரின் வெப்பத்தை அறிதல் வேண்டும்.

இம்மீனைப் படகிலிருந்து பிடிக்கும் முறைகளுள் இரண்டு சிறந்தவை. படகை மெல்லச் செலுத்திக்கொண்டே, சிறுமீன்போல் மின்னும் உலோகத் தகட்டைப் பின்னே இழுத்துவருதல் ஒன்று. அத்தகடு ஆழத்திற் செல்லுமாறு, கனத்த ஈயக்குண்டு ஒன்றைத் தனிக் கம்பியில் இறக்குவர். தூண்டிற்கயிற்றை அக்குண்டின் அருகே ஒரு கவ்வியிற் பிணைப்பர். மீன் பற்றி இழுத்ததும் கயிறு கவ்வியினின்று விடுபடும். பின்னர்க் குண்டின் பாரமின்றியே மீனை இழுக்கலாம். படகை நிறுத்திப் பொய்யிரையை நேரே அடிவரை இறக்கி, கோலை உயர்த்தியும் தாழ்த்தியும் அதனைத் துள்ளச்செய்தல் மற்றொரு முறை. அகப்பட்ட மீன் வலிந்து ஓடுங்கால் கயிற்றைச் சற்றே விட்டும், தளருங்கால் சுற்றியும் அருகே கொணர்ந்து கைவலையால் ஏந்துவர்.

நம் நாட்டு நீலகிரியில் வானவில் டிரவுட் என்னும் உறவினமீன் வாழ்கிறது. இது வந்தேறியாகும். 1863-ஆம் ஆண்டில் ஃபிரான்சிசு டே என்பார் டிரவுட்டை அங்குக் கொணர முயன்றும் பயன் விளையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் எச். சி. வில்சன் என்பாரின் முயற்சி வெற்றி பெற்றது. அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் நிலையமும் அமைந்தது. மலையின் குளிர்ந்த நீரோடைகளே அம்மீனைக் காத்தன. சமவெளிக் கண்மாயின் வெந்நீரில் அது வாழாது.

பிடிக்கும் திறன் வளர்ந்தால் மட்டும் போதாது. காக்கும் அறிவும் வளர்தல் வேண்டும். ஏரி டிரவுட் மெல்ல வளர்வது. முட்டையிடும் பருவம் எய்தவே ஆறேழு ஆண்டுகள் செல்லும். நயாகரா அருவியைச் சுற்றி மனிதர் வெட்டிய வெல்லண்டுக் கால்வாய் வழியே, லாம்ப்ரே என்னும் குருதியுறிஞ்சும் கடலுயிர் மேலேரிகளுட் புகுந்தது. அளவிறந்த மீன்பிடிப்பும் அதனோடு சேர்ந்தது. 1950-களின் இடையில் மிச்சிகன் ஏரியில் இம்மீன் அற்றுப்போயிற்று. 1955-இல் அமெரிக்காவும் கனடாவும் கூட்டாக ஒரு மீன்வள ஆணையம் நிறுவின. 1958 முதல் ஓடைகளில் மருந்திட்டு லாம்ப்ரேயின் குஞ்சுகளை அழித்தனர். சுப்பீரியர் ஏரியில் டிரவுட் மீண்டும் பெருகியது. ஆயினும், சில ஆண்டுகளிற் கெட்டதைச் சீர்செய்யப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வுண்மை கண்மாய்க்கும் பொருந்தும். சிறுகண் வலையால் குஞ்சுகளையும் அள்ளினால், மறு ஆண்டு மீனுக்கு வழியில்லை. தூண்டிலில் குஞ்சு அகப்பட்டால், அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பு நீங்காதவாறு நனைந்த கையால் முள்ளை அகற்றி நீரில் விடுதல் நன்று. திருவள்ளுவர் சூதாட்டத்தில் பெறும் வெற்றிக்கு, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பை உவமை கூறினார். இன்று கிடைக்கும் பெருமீன்கூடையைக் கண்டு மகிழ்ந்து நாளைய மீனையும் அழிப்பவர், அம்மீனைப் போலவே இரையைக் கண்டு முள்ளைக் காணாதவர் ஆவர்.