வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்

"நல்லா வேர்த்துக் கொட்டுது, சூடெல்லாம் வெளியே போயிடும்" என்று வேலைக்காட்டில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. வருடக்கணக்கில் உழைத்துச் சிறுநீரகத்தைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் விஞ்ஞானிகளும் டாக்டர்களும் சேர்ந்து கண்டறிந்த சில விஷயங்கள் தோட்டத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை.

வேர்வையின் வேலை என்ன?

வேர்வை சொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை. அது தோலின் மேல் காய்ந்து ஆவியாகும்போதுதான் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டிய வெப்பம் அது!

ஆனால் நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். மழை பெய்த மறுநாள் கொடியில் போட்ட துணி காய மாட்டேன் என்கிறதே, அதே கதைதான் தோலுக்கும். வேர்வை காயாமல் வழிந்து தரையில் விழுந்தால் தண்ணீரும் உப்பும்தான் போகும். சூடு உள்ளேயே நிற்கும். செம்பனை நிரைகளுக்கு நடுவே காற்றோட்டம் இல்லாத இடத்தில் குலை வெட்டுகிறவருக்கும், முழு உடுப்பு மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறவருக்கும் இதுதான் நடக்கிறது.

ஈரத் துணி சொல்லும் கணக்கு

சாதாரண வெப்பமானியைப் பார்த்து "33 டிகிரிதானே" என்று சொல்லிவிட முடியாது. வெப்பமானியின் அடிக்குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் வேறு அளவு காட்டும். காற்று வறண்டிருந்தால் அளவு நன்றாக இறங்கும். ஈரமாக இருந்தால் அதிகம் இறங்காது. வேர்வை எவ்வளவு காயும் என்பதை இந்த ஈரத்துணி அளவு காட்டிக் கொடுக்கும்.

இந்த அளவு 35 டிகிரியை எட்டினால் மனிதன் நெடுநேரம் தாங்க மாட்டான் என்று 2010-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களை வெப்ப அறையில் வைத்து, உள்ளுக்குள் இருக்கும் சூட்டை அளக்க ஒரு சிறு மாத்திரைக் கருவியை விழுங்கச் செய்தார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. ஈரமான காற்றில் 35 அல்ல, ஏறக்குறைய 31 டிகிரியிலேயே உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏற ஆரம்பித்தது. அதுவும் லேசான அசைவு மட்டும் செய்த இளைஞர்களுக்கு! குலை சுமப்பவருக்கும், வயதானவருக்கும், இருதய நோயாளிக்கும் எல்லை அதற்கும் கீழேதான்.

சிறுநீரகத்துக்கு வரும் கேடு

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடையே ஒரு விநோதமான சிறுநீரக நோய் பரவியது. நீரிழிவும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை. நடுத்தர வயதுக்கு முன்பே சிறுநீரகம் செயலிழந்தது. எல் சால்வடோர் நாட்டு டாக்டர்கள் 2002-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பூச்சி மருந்து போன்ற பிற காரணங்களும் ஆராயப்படுகின்றன. ஆனாலும் கடும் வெயிலில் ஓய்வில்லாத உழைப்பே முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. தினமும் இப்படி அடிபட்டால் அது மெல்ல மெல்லக் கெடும். ஆரம்பத்தில் வலி எதுவும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

வேலை இடத்து வெப்பத்தால் வந்த நாட்பட்ட சிறுநீரக நோயுடன் உலகில் 2 கோடியே 62 லட்சம் பேர் வாழ்வதாக அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2024-ல் அறிவித்தது.

ஓய்வெடுத்தால் கூலி போய்விடுமா?

"உட்கார்ந்தா யாரு சம்பளம் தருவா?" என்று கேட்பது நியாயம்தான். எல் சால்வடோரில் 2014-15 அறுவடையில் கரும்பு வெட்டுபவர்களுக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம், குறித்த நேர ஓய்வு, நல்ல வெட்டுக்கத்தி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவில் ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 5.1 டன் வெட்டியது 7.3 டன்னாக உயர்ந்தது. கத்திக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ஓய்வால் உற்பத்தி விழுந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் வந்த ஏற்பாட்டின்படி, ஈரம், வெயில், காற்றுச் சூடு மூன்றையும் சேர்த்த அளவு 32 டிகிரியை எட்டினால் கடின வேலை செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வாவது தர வேண்டும். மலேசியாவில் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். ஒரே மூச்சாக நிறையக் குடிப்பதும், மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போவதும் கூடாது.

2. வேர்வையோடு உப்பும் போகிறது. வேளைக்குச் சரியாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் போதும். உப்பு மாத்திரை வேண்டாம்.

3. சிறுநீர் தேயிலைச் சாயம் போல் இருந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். வெளிர் மஞ்சளாக இருப்பதே நல்லது.

4. மருந்து அடிக்கும் உடுப்பைச் சூடு என்று கழற்றிவிடாதீர்கள். அந்த வேலையைக் காலை நேரத்திலேயே வைக்க மண்டோரிடம் பேசுங்கள்.

5. புதிதாக வந்தவருக்கு முதல் நாளே முழுப் பாரம் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டலாம். நீண்ட விடுமுறை முடிந்து வந்தவரும் படிப்படியாகவே பழக வேண்டும்.

6. உடம்பு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். முதல் நாள் இரவு குடித்த சம்சுவும் உடம்பு நீரை வற்ற வைக்கும்.

விழுந்தவரைக் காப்பாற்ற

கூட வேலை செய்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, "கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்று விடாதீர்கள். வேர்த்துக்கொண்டிருந்தாலும் இது உயிருக்கு ஆபத்தான நிலைதான். 999-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சில் ஏறிவிடும்.

வீட்டில் தாய்மாரும் கவனிக்க வேண்டும். வேலை முடிந்து வந்தவருக்கு வாந்தி, தலைவலி, தசைப்பிடிப்பு இருந்தால் "களைப்புதான்" என்று ஒதுக்காமல் விசாரியுங்கள். வருடம் ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்வது நல்லது.

மரத்துக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும் என்று நமக்குத் தெரியும். அந்த மரத்தை வளர்க்கிற ஆளுக்கும் அது வேண்டும்.