மின் துவிச்சக்கரவண்டிக்கு விலைக்கழிவு: அரசின் பணம் யாரைச் சென்றடைகிறது?

(குடியுரிமைக் கல்வி, புவியியல், வணிகக் கல்வி ஆகிய பாடங்களுக்குப் பயன்படும் பொது வாசிப்பு)

இப்பகுதியைக் கற்றபின் நீங்கள்,
• மானியம், விலைக்கழிவு, புறச்செலவு, அமையச்செலவு ஆகிய எண்ணக்கருக்களை விளக்குவீர்கள்.
• ஒரே நோக்கமுடைய இரண்டு மானியத் திட்டங்களை ஒப்பிடுவீர்கள்.
• ஒரு மானியம் யாருக்குப் பயன்பட்டது என்பதைக் கணித்துக் காட்டுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, மானியம் என்ற சொல் உங்களுக்குப் புதியதன்று. விவசாயிகளுக்கு வழங்கப்படும் உர மானியம் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். மானியம் பற்றி விடை எழுதும்போது பலர் "மானியம் மக்களுக்கு நன்மை தரும்" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். இவ்விடை பிழையானதல்ல, ஆனால் முழுமையானதுமல்ல. எந்த மக்களுக்கு? எப்போது? எவ்வளவு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லும்போதே உங்கள் விடை நிறைவு பெறும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு மின் துவிச்சக்கரவண்டி வாங்குவோருக்கு இரண்டு இடங்களில் வழங்கப்பட்ட விலைக்கழிவை எடுத்துக்கொள்வோம். ஒன்று சுவீடன் நாடு. மற்றையது ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வர் நகரம். இரண்டினதும் நோக்கம் ஒன்றே. ஆனால் பணம் கொடுக்கப்பட்ட முறை வேறு.

2. அடிப்படை எண்ணக்கருக்கள்

மின் துவிச்சக்கரவண்டி: மிதிகட்டையுடன் ஒரு சிறிய மின்மோட்டாரும் மீள மின்னேற்றக்கூடிய மின்கலமும் பொருத்தப்பட்ட துவிச்சக்கரவண்டி. பொதுவாக, நாம் மிதிக்கும்போது மோட்டார் துணை செய்யும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி மோட்டாரின் வலு 250 உவாற்றுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை அடைந்ததும் மோட்டாரின் துணை நின்றுவிட வேண்டும். ஏற்றமான வீதியிலும் எதிர்க்காற்றிலும் களைப்பின்றிச் செல்ல முடிவதே இதன் சிறப்பாகும்.

நுண் போக்குவரத்து: துவிச்சக்கரவண்டி, மின் துவிச்சக்கரவண்டி, நின்றபடி செலுத்தும் மின் ஸ்கூட்டர் போன்ற சிறிய, பாரம் குறைந்த வாகனங்களால் குறுந்தூரம் பயணித்தல்.

மானியம்: ஒரு பொருளின் உற்பத்தியை அல்லது நுகர்வை ஊக்குவிப்பதற்காக அரசு வழங்கும் நிதி உதவி.

விலைக்கழிவு: பொருளை வாங்குபவர் செலுத்தும் விலையின் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளுதல். இது இரு வகைப்படும்.
(அ) வாங்கிய பின் விண்ணப்பித்துப் பெறும் கழிவு.
(ஆ) வாங்கும்போதே கடையில் கழிக்கப்படும் கழிவு. இதற்குப் பெரும்பாலும் வவுச்சர் பயன்படுத்தப்படும். 2010களின் பிற்பகுதியில் எமது பாடசாலைகளில் சீருடைத் துணிக்குப் பதிலாக வவுச்சர் வழங்கப்பட்டமை இதற்கு ஒத்த ஓர் உதாரணமாகும்.

புறச்செலவு: ஒருவர் செய்யும் செயலால் ஏற்படும் செலவு அவர் மீது விழாமல் பிறர் மீது விழுதல். ஒருவர் கார் ஓட்டும்போது பெற்றோலுக்கு அவர் பணம் செலுத்துகிறார். ஆனால் அதன் புகையைச் சுவாசிப்பவரும் நெரிசலில் காத்திருப்பவரும் அடையும் பாதிப்புக்கு அவர் எதுவும் செலுத்துவதில்லை.

அமையச்செலவு: ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த தெரிவின் பெறுமதி.

3. அரசு ஏன் தலையிடுகிறது?

கார் ஓட்டுபவர் புறச்செலவைச் செலுத்துவதில்லை. அதனால் கார்ப் பயணம் அதன் உண்மைச் செலவிலும் மலிவானதாகத் தோன்றுகிறது. சமூகத்துக்கு ஏற்ற அளவிலும் அதிகமாக மக்கள் காரைப் பயன்படுத்துகின்றனர். இதனைச் சீர்செய்ய அரசுக்கு இரு வழிகள் உண்டு. காரைப் பயன்படுத்துவோர் மீது வரி அல்லது கட்டணம் விதிப்பது ஒன்று. மாற்று வழியை மலிவாக்குவது மற்றொன்று. இரண்டாவது வழியே விலைக்கழிவாகும். வரி மக்களின் எதிர்ப்பைச் சந்திக்கும். கழிவு வரவேற்பைப் பெறும். ஆனால் கழிவுக்கான பணமும் எங்கிருந்தோ வர வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

4. விடய ஆய்வு 1: சுவீடன்

2017 செப்டெம்பர் 20 முதல் வாங்கப்பட்ட மின் துவிச்சக்கரவண்டிகளுக்கு சுவீடன் அரசு கழிவு வழங்கியது. வண்டியின் விலையில் 25% கழிவாகக் கிடைத்தது. ஆகக்கூடிய தொகை 10,000 குரோனர். 2018 ஆம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 350 மில்லியன் குரோனர் எனத் திட்டமிடப்பட்டது. மக்களின் ஆர்வம் மிக அதிகமாக இருந்தமையால் 2018 ஆம் ஆண்டுக்கான நிதி அவ்வாண்டு முடியுமுன்னரே தீர்ந்தது. 2019 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இக்கழிவு தொடரப்படவில்லை.

இத்திட்டத்தில் இரண்டு அம்சங்களைக் கவனியுங்கள். முதலாவது, வாங்குபவர் முழு விலையையும் முதலில் செலுத்த வேண்டும். பின்னர் விண்ணப்பித்துக் கழிவைப் பெற வேண்டும். இரண்டாவது, கழிவு விலையின் வீதமாக அமைந்தது. வாங்குபவரின் வருமானம் கருத்திற் கொள்ளப்படவில்லை.

கணித்துப் பார்ப்போம் (விலைகள் உதாரணத்துக்கு மட்டும்):
• 12,000 குரோனர் விலையுள்ள வண்டிக்குக் கழிவு: 12,000 × 25% = 3,000 குரோனர்.
• 40,000 குரோனர் விலையுள்ள வண்டிக்குக் கழிவு: 40,000 × 25% = 10,000 குரோனர்.

விலை கூடிய வண்டியை வாங்க வசதியுள்ளவருக்கு அரசின் உதவியும் கூடுதலாகக் கிடைக்கிறது. மலிவான வண்டியை வாங்க முயல்பவரோ 12,000 குரோனரையும் முதலில் கையில் வைத்திருக்க வேண்டும். அப்பணம் இல்லாதவருக்கு 3,000 குரோனர் கழிவு கடதாசியில் மட்டுமே உண்டு.

5. விடய ஆய்வு 2: டென்வர் நகரம்

டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. கோடை காலத்தில் தரைமட்ட ஓசோன் மாசு இங்கு ஒரு பிரதான பிரச்சினையாகும். வாகனப் புகையும் இதற்கு ஒரு காரணமாகும். 2022 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்பிரதேசத்தின் ஓசோன் நிலையைக் "கடுமையானது" என்ற வகுப்புக்கு உயர்த்தியது.

நிதி மூலம்: 2020 நவம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் நகர மக்கள் 0.25% விற்பனை வரியை ஏற்றுக்கொண்டனர். 100 டொலருக்குப் பொருள் வாங்கினால் 25 சதம் இந்நிதிக்குச் சேரும். உணவு போன்ற சில அத்தியாவசியப் பொருட்களுக்கு இவ்வரி விலக்கப்பட்டது. இவ்வாறு உருவான காலநிலைப் பாதுகாப்பு நிதியத்திலிருந்தே கழிவு வழங்கப்பட்டது.

கழிவுத் தொகை: 2022 ஏப்ரல் 22 அன்று, பூமி தினத்தில், திட்டம் ஆரம்பமானது. அவ்வாண்டுத் தொகைகள் வருமாறு:
• நகரத்தில் வசிக்கும் எவருக்கும் 400 டொலர்.
• குறைந்த வருமானம் உடையோருக்கு 1,200 டொலர்.
• பிள்ளைகளையோ பொருட்களையோ ஏற்றிச் செல்லும் சுமை வண்டியாயின் மேலதிகமாக 500 டொலர்.

நடைமுறை: முதலில் இணையத்தில் விண்ணப்பித்து வவுச்சரைப் பெற வேண்டும். பின்னர் திட்டத்தில் இணைந்துள்ள உள்ளூர்க் கடையில் அதைக் கொடுத்தால் விலை அங்கேயே குறைக்கப்படும். கடைக்காரர் அத்தொகையை நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றுக்கொள்வார். அதாவது, பணத்துக்காகக் காத்திருக்கும் சுமை வாங்குபவரிடமிருந்து கடைக்காரருக்கு மாற்றப்பட்டது. இத்திட்டத்தின் மையக் கருத்து இதுவேயாகும்.

1,500 டொலர் விலையுள்ள வண்டியை உதாரணமாகக் கொள்வோம்.
• பொதுக் கழிவு பெறுபவர் செலுத்துவது: 1,500 − 400 = 1,100 டொலர்.
• குறைந்த வருமானம் உடையவர் செலுத்துவது: 1,500 − 1,200 = 300 டொலர்.

இதே 1,200 டொலரை வாங்கிய பின் தருவதாக அறிவித்திருந்தால், அக்குடும்பம் முதலில் 1,500 டொலரைத் திரட்ட வேண்டியிருக்கும். அரசின் செலவில் மாற்றமில்லை. ஆனால் அக்குடும்பம் வண்டியை வாங்கியிருக்குமா என்பது ஐயமே.

பெறுபேறு: 2022 ஆம் ஆண்டில் 4,734 வவுச்சர்கள் பயன்படுத்தப்பட்டன. கழிவுப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்த வருமானம் உடையோரைச் சென்றடைந்தது. பயனாளிகளிடம் நடத்திய ஆய்வில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 26 மைல், அதாவது சுமார் 42 கிலோமீற்றர், ஓடியதாகக் கூறினர். குறைந்த வருமானம் உடையோர் ஏனையோரிலும் கூடிய தூரம் ஓடினர் என்பது குறிப்பிடத்தக்கது. காரணத்தைச் சிந்தியுங்கள். தொழிலுக்கும் கடைக்கும் செல்ல வேறு வசதி குறைந்தவருக்கு அவ்வண்டி பொழுதுபோக்குப் பொருளன்று, அன்றாடத் தேவை.

6. ஒப்பீட்டுச் சுருக்கம்

• கழிவு கிடைக்கும் நேரம்: சுவீடனில் வாங்கிய பின்; டென்வரில் வாங்கும்போதே.
• கழிவின் வடிவம்: சுவீடனில் விலையின் வீதம், டென்வரில் நிலையான தொகை.
• வருமான வேறுபாடு: சுவீடனில் இல்லை, டென்வரில் உண்டு.
• முழு விலையையும் முதலில் செலுத்துபவர்: சுவீடனில் வாங்குபவர், டென்வரில் கழிவுத் தொகையைப் பொறுத்தவரை கடைக்காரர் பொறுத்திருப்பார்.

வருமானத்துக்கேற்ற கழிவு முறையைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2023 ஆம் ஆண்டில் பின்பற்றியது. அங்கு 350, 1,000, 1,400 கனேடிய டொலர் என மூன்று படிநிலைகள் அமைந்தன. வருமானம் குறையக் குறையக் கழிவு கூடியது.

7. விமர்சனங்கள்

உயர் புள்ளி பெற விரும்பும் மாணவர் திட்டத்தின் குறைகளையும் எழுத வேண்டும்.

(1) எப்படியும் வாங்கியிருப்போர்: கழிவு இல்லாவிடினும் வண்டி வாங்கியிருப்பவருக்குக் கொடுக்கும் பணம் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்துவதில்லை. உதாரணமாக, 100 பேருக்குத் தலா 400 டொலர் வீதம் 40,000 டொலர் வழங்கப்படுவதாகக் கொள்க. அவர்களில் 40 பேர் எப்படியும் வாங்கியிருப்பர் எனில், உண்மையில் அதிகரித்த வண்டிகள் 60 மட்டுமே. எனவே மேலதிக வண்டி ஒன்றுக்கான அரசின் செலவு 40,000 ÷ 60 = ஏறத்தாழ 667 டொலர் ஆகும். குறைந்த வருமானம் உடையோருக்குக் கூடிய கழிவு வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவு இல்லாமல் வாங்க இயலாதவரே அவர்களில் அதிகம்.

(2) முந்தியவருக்கே கிடைத்தல்: டென்வரில் முதற் தொகுதி வவுச்சர்கள் சில வாரங்களில் முடிந்தன. பின்னர் மாதந்தோறும் வெளியிடப்பட்டவை சில நிமிடங்களிலேயே தீர்ந்தன. நல்ல இணைய வசதியும் அந்நேரத்தில் ஓய்வும் உள்ளவர் முந்திக்கொள்வர். வேலைத்தளத்தில் நிற்பவர் பிந்திவிடுவார்.

(3) அமையச்செலவு: அதே பணத்தில் துவிச்சக்கரவண்டிகளுக்கான தனிப்பாதை அமைத்திருக்கலாம், பஸ் சேவையைக் கூட்டியிருக்கலாம். பாதுகாப்பான பாதை இல்லாவிடின் வாங்கிய வண்டி வீட்டிலேயே நிற்கும்.

(4) தரவுகளின் இயல்பு: எவ்வளவு தூரம் ஓடினோம் என்பதைப் பயனாளிகளே கூறும்போது அது சற்றுக் கூடுதலாக அமையலாம். எனவே இத்தகைய எண்களை "ஆய்வில் கூறப்பட்டபடி" என்று குறிப்பிட்டே எழுதுக.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: "வாங்கிய பின் வழங்கப்படும் கழிவு, அதிகம் தேவையுள்ளவரைச் சென்றடைவதில்லை." இக்கூற்றை விளக்குக. (5 புள்ளிகள்)

விடை: வாங்கிய பின் வழங்கப்படும் கழிவைப் பெறுவதற்கு முழு விலையையும் முதலில் செலுத்த வேண்டும். சேமிப்பு இல்லாத குடும்பத்தால் இது இயலாது. கடன் பெற்று வாங்கினால் வட்டி கழிவின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். எனவே சேமிப்பு உள்ளவரே பெரும்பாலும் பயனடைவர். 2022 இல் டென்வர் நகரம் வவுச்சர் மூலம் கடையிலேயே விலையைக் குறைத்து, குறைந்த வருமானம் உடையோருக்கு 1,200 டொலர் வழங்கியமையால், கழிவுப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்களைச் சென்றடைந்தது.

கவனிக்க: இவ்விடையில் காரணம், விளைவு, உதாரணம் ஆகிய மூன்றும் உள்ளன. உதாரணத்தில் இடமும் ஆண்டும் தொகையும் தரப்பட்டுள்ளன.

9. மீட்டல் வினாக்கள்

1. புறச்செலவு என்றால் என்ன? கார்ப் பயணத்திலிருந்து இரண்டு உதாரணங்கள் தருக.
2. 1,800 டொலர் விலையுள்ள சுமை வண்டியொன்றை வாங்கும் குறைந்த வருமானம் உடையவர், டென்வரின் 2022 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி எவ்வளவு செலுத்துவார்? (விடை: 100 டொலர்)
3. 60,000 குரோனர் விலையுள்ள வண்டிக்கு சுவீடன் திட்டத்தில் எவ்வளவு கழிவு கிடைத்திருக்கும்? அது விலையில் எத்தனை வீதம்? (விடை: 10,000 குரோனர், ஏறத்தாழ 16.7%)
4. வவுச்சர்கள் சில நிமிடங்களில் தீர்ந்துபோவதால் ஏற்படும் அநீதியைக் குறைக்க இரண்டு ஆலோசனைகள் தருக.
5. உங்கள் பிரதேச சபையிடம் துவிச்சக்கரவண்டிப் போக்குவரத்துக்கென ஒரு தொகைப் பணம் உள்ளதாகக் கொள்க. அதனைக் கழிவாக வழங்குவீர்களா, பாதை அமைக்கப் பயன்படுத்துவீர்களா? அமையச்செலவு என்ற எண்ணக்கருவைப் பயன்படுத்திக் காரணம் காட்டுக.

ஐந்தாம் வினாவுக்கு ஒரே சரியான விடை இல்லை. எதைத் தெரிவு செய்தாலும், யாருக்கு நன்மை, யார் விடுபடுகின்றனர் என்ற இரண்டையும் எழுதுங்கள். இனி எந்த மானியத்தைப் பற்றி வினா வந்தாலும் இவ்விரண்டையும் தவறாது கேட்டுப் பாருங்கள்.